பிள்ளைகளுடன் ஏறத்தக்க மலை எது?

சித்திரை பிறந்துவிட்டால் திருப்பதி நகரத் தெருக்கள் எவ்வாறு கொதிக்கும் என்பதை இங்கு வாழும் தமிழன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பகல் பதினொரு மணிக்கு மேல் வெளியே கால் வைக்க இயலாது. இரவு பத்து மணியானாலும் சுவர்கள் பகலில் குடித்த வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். சித்தூரின் நிலை சற்றே மேல் எனலாம். ஆயினும் அங்கும் கோடை கோடைதான். ஏப்ரல் இறுதியில் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. பிள்ளைகள் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு, விசிறியின் கீழ் படுத்துக்கொண்டு, ‘எங்கேனும் அழைத்துச் செல்லுங்கள்’ என்று நச்சரிக்கத் தொடங்குகின்றனர்.

நம்மவர்க்கு இதுகாறும் இரண்டு வழக்கங்களே உண்டு. ஒன்று, விடுமுறை என்றால் சொந்த ஊர் செல்வது. மதுரையோ, நெல்லையோ, தஞ்சையோ, அவரவர் ஊருக்கு மூட்டை கட்டுவது. மற்றொன்று, ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைத் திருமலைக்கு அழைத்துச் சென்று திரும்புவது. இவ்விரண்டும் நல்லனவே. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சொந்த ஊரில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்போர் குறைந்து வருகின்றனர். பெற்றோர் முதுமை எய்தி நம்முடனேயே இங்கு வந்துவிட்டனர். பாகம் பிரித்த வீட்டில் நமக்கென ஓர் அறையும் இல்லாத குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உள. இத்தகையோர் கோடை விடுமுறையில் எங்குச் செல்வது?

இவ்வினா சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எழுந்தது. ஒருவர் உதகை என்றார். மற்றொருவர் கொடைக்கானல் என்றார். அவ்விரண்டும் தொலைவு மிக்கவை, நெரிசலும் மிக்கவை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், உயர்நீதிமன்ற ஆணையின்படி, அவ்விரு மலைகளுக்கும் வாகனத்தில் செல்வோர் முன்னதாக மின்னணு அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்னும் நிலை வந்தது. இத்தனை தொல்லைப்பட்டு அத்தனை தொலைவு செல்வானேன்? நம்மைச் சுற்றிலும் மலைகள் நிற்கின்றனவே! புகைவண்டி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் நமக்குக் கால அட்டவணையோடு சிறிது பழக்கம் உண்டு. ஆகவே, சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடும்பத்தோடு செல்லத்தக்க மலைகளைப் பற்றி எழுதும் பொறுப்பை நம்மிடமே விட்டனர்.

மேனாட்டார் கடைப்பிடிக்கும் முறை

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் இளவல் ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் பொறியாளராக இருக்கிறார். அவர் தம் குடும்பத்தைப் பனிச்சறுக்கு ஆடும் மலைக்கு அழைத்துச் சென்றதைப் பற்றி அண்ணாருக்கு எழுதிய நீண்ட மடலை நாங்கள் சில குடும்பத்தார் கூடிப் படித்தோம். அதில் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று இருந்தது.

அந்நாட்டின் தென் எல்லையில் ஆல்ப்சு மலைத்தொடர் ஓடுகிறது. மிக உயர்ந்த சிகரம் சுக்ஷ்பிட்சே. உயரம் 2,962 மீட்டர். அதன் அடிவாரத்தில் உள்ள கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் என்னும் ஊரில் 1936-இல் குளிர்கால ஒலிம்பிக் ஆட்டங்கள் நடைபெற்றன. மியூனிக்கிலிருந்து அவ்வூருக்கு நேரே புகைவண்டி உண்டு. மலைமேல் ஏறப் பற்சக்கர இரயிலும் 1930 முதல் ஓடுகிறது. பனிக்காலத்தில் மக்கள் காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சரிவுகளில் வழுக்கி விளையாடுகின்றனர். நான்கு வயதுப் பிள்ளைகளும் இதைக் கற்கின்றனராம்!

ஆனால் பிள்ளைகுட்டிக்காரர் எவரும் உயர்ந்த சிகரத்தைத் தேடிச் செல்வதில்லை என்பதே அம்மடலில் நாம் கண்ட செய்தி. அங்கு ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு நிறம் குறித்துள்ளனர். நீலம் எளியது, சிவப்பு நடுத்தரமானது, கருப்பு தேர்ந்தவர்க்கு மட்டுமே உரியது. குடும்பத்தார் முதலில் நீலச் சரிவு எவ்வளவு உள்ளது என்று பார்க்கின்றனர். பிறகு, பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பள்ளி உண்டா, நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம், சறுக்க மாட்டாத பாட்டனாரும் பாட்டியாரும் வெதுவெதுப்பாக அமர்ந்து சூடாக ஏதேனும் அருந்த இடம் உண்டா, அடிபட்டால் மருத்துவர் எவ்வளவு தொலைவில் என்றெல்லாம் கேட்கின்றனர். மலையின் பெருமையை அளப்பதற்கு முன் தம் வீட்டில் மிக மெலியவர் யார் என்று பார்த்து, அவருக்கேற்ற மலையைத் தேர்கின்றனர்.

நம் நாட்டில் இம்முறை இல்லை. நாம் முதலில் மலையை முடிவு செய்கிறோம். பிறகு முதியோரின் முழங்காலையும் குழந்தையின் வாந்தியையும் அம்மலைக்கு ஏற்றவாறு பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம். இதனைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆகவே நாமும் ஐந்து வினாக்களை வகுத்துக்கொண்டோம்:

1. புகைவண்டி எதுவரை செல்லும்? அதன்பின் மலைச்சாலையில் வளைவுகள் எத்தனை?
2. வண்டி நிற்கும் இடத்திலிருந்து முதியோர் எத்தனை படி ஏற வேண்டும்?
3. நீர்நிலை இருப்பின் ஆழம் எவ்வளவு? காவல் உண்டா?
4. தங்குமிடமும், உணவும், பெண்டிர்க்குத் தக்க கழிப்பறையும் உண்டா?
5. மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது?

இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டு நம் மலைகளுக்கும் நீலம், சிவப்பு, கருப்பு என்று நிறம் தீட்டிப் பார்ப்போம்.

திருமலை

நம் வீட்டு வாயிலிலேயே நிற்கும் மலையை முதலில் கூறாமல் இருத்தல் முறையன்று. வடவேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுகிறது. கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அவற்றுள் ஓர் எழுத்தையேனும் சுட்டிக்காட்டுதல் நலம்.

1944-இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை யாவரும் நடந்தோ டோலியிலோதான் ஏறினர். 1974-இல் இரண்டாவது சாலையும் வந்தபின் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று ஆயிற்று. பேருந்தில் செல்வோர்க்குத் திருமலை நீல மலையே. மருத்துவமனை மலைமேலேயே உண்டு, உணவு இலவசம், புகையும் மதுவும் புலாலும் கிடையா. இத்தனை ஒழுங்குள்ள மலையூர் நாட்டில் வேறு காண்பது அரிது.

பெரும்பாலோர் தரிசனம் முடிந்தவுடன் இறங்கிவிடுகின்றனர். கோயிலுக்கு வடக்கே சிறிது தொலைவில் சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவு இருக்கிறது. எவரும் செதுக்காமல், நீரும் காற்றும் அரித்து உண்டாக்கிய வளைவு அது. நாட்டின் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அதனைக் குறித்துள்ளனர். ஆகாச கங்கை, பாபவிநாசம் ஆகிய இடங்களுக்கும் வண்டி செல்கிறது. பிள்ளைகளுக்கு இவை உவப்பானவை.

நடைவழியோ சிவப்பு நிறத்தது. அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. சீனிவாச மங்காபுரத்துக்கு அருகிலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழி குறுகியது, ஆனால் செங்குத்தானது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அலிபிரி வழியில் ஒரு சிறுமி சிறுத்தையால் கொல்லப்பட்ட துயரத்தை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் சிறு பிள்ளைகளோடு நடந்து செல்வோர்க்கு நேரக் கட்டுப்பாடு விதித்தனர். இவ்விதிகள் அவ்வப்போது மாறுவன. ஆதலின் அலிபிரியில் கேட்டறிந்த பின்னரே படியில் கால் வைக்க வேண்டும். பிள்ளையை முன்னே ஓடவிட்டுப் பின்னே பேசிக்கொண்டு செல்லும் வழக்கத்தை அறவே விடவேண்டும்.

குறை ஒன்றே: கோடை விடுமுறையில் கூட்டம் கடல்போல் பெருகும். அமைதியை நாடுவோர் அக்காலத்தில் அங்குச் செல்லற்க.

கைலாசகோனையும் தலகோனையும்

ஒரே பகலில் சென்று திரும்ப விரும்புவோர்க்குக் கைலாசகோனை ஏற்றது. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் புத்தூர் நிலையத்தில் இறங்கி, நாராயணவனம் வழியாகச் செல்லவேண்டும். ஆண்டு முழுவதும் நீர் விழும் சிற்றருவி அது. நடை குறைவு. குளிப்பதற்கும் அச்சமில்லை. நாராயணவனத்தில் கல்யாண வேங்கடேசர் கோயில் உண்டு. சீனிவாசர்க்கும் பத்மாவதித் தாயார்க்கும் திருமணம் நடந்த ஊர் அதுவே என்பது மரபு. காலையில் அருவி, மாலையில் கோயில் என்று வகுத்துக்கொண்டால் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். இஃது ஐயமின்றி நீல நிறத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. வார நாளே நன்று.

தலகோனை வேறு வகையது. திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். 270 அடி உயரத்திலிருந்து விழும் இவ்வருவியே ஆந்திர நாட்டில் மிக உயர்ந்தது என்பர். 1989-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவினுள் இது இருக்கிறது. அடியில் சித்தேசுவரர் கோயில். பெருமரங்கள் வெயிலை நிலத்தில் விழவிடா. மரங்களின் உச்சிகளுக்கு இடையே கயிற்றுப் பாலமும் கட்டியுள்ளனர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்தபின் அருவி நிறைந்து விழும். கண்ணுக்கு அதுவே நற்காலம். காலுக்கு அதுவே தீக்காலம். அருவிக்குச் செல்லும் வழியில் படிகளும் பாறைகளும் உள. பாசி படர்ந்து வழுக்கும். குரங்குகள் பையைப் பறிக்கும். நாங்கள் சென்ற அன்று ஐந்து வயது மைந்தனை இடுப்பில் துண்டால் எம்மோடு பிணைத்துக்கொண்டே நடந்தோம், கண்டோர் நகைத்தனர், நாங்கள் பொருட்படுத்தவில்லை. எம் அன்னையார் கோயில் திண்ணையோடு நின்றுவிட்டார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கு இது தக்க இடம். கைக்குழந்தையும் மூட்டு வலிக்காரரும் உள்ள வீட்டார்க்கு ஏற்றதன்று. ஆகவே சிவப்பு.

ஹார்ஸ்லி மலை

இவ்வட்டாரத்தில் மலைவாசம் என்று பெயர் சொல்லத்தக்கது ஹார்ஸ்லி மலை ஒன்றே. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மலை 2022-இல் நிகழ்ந்த பிரிவினையில் வேறு மாவட்டத்துக்குச் சென்றுவிட்டது. மாவட்டக் கோடு மாறினும் மலை மாறவில்லை. உயரம் நாலாயிரம் அடிக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது இயற்கை விதி. திருப்பதி நகரமே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் மேலே இருப்பதால், அங்கிருந்து இம்மலை ஏறுவோர் ஏழு பாகை அளவு குளிர்ச்சியை எதிர்பார்க்கலாம். திருப்பதியில் நாற்பது பாகை எரியும் நாளில் மலைமேல் முப்பத்து மூன்று என்றால், அதுவே பெரும்பேறன்றோ!

கடப்பை மாவட்ட ஆட்சியராக இருந்த ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் 1870-ஆம் ஆண்டு வாக்கில் இங்கு ஒரு கோடை இல்லம் அமைத்தார். அக்காலத்தில் மதனப்பள்ளி கடப்பையைச் சேர்ந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் தோன்றியபோது இதனுடன் இணைந்தது. மலைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் மண்ணின் பெயர் வேறு. அது ‘ஏனுகு மல்லம்ம கொண்டா’. ஏனுகு என்றால் யானை. இப்பெயரின் வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

செல்லும் வழி இது: திருப்பதியிலிருந்து பாகாலா வந்து, தர்மாவரம் செல்லும் பாதையில் திரும்பவேண்டும். முன்னாளில் மீட்டர் பாதையாக இருந்த இவ்வழி இப்போது அகலப் பாதை. இவ்வழியில் ஓடும் வண்டிகள் சிலவே. ஆதலின் நேரம் அறிந்து புறப்படுதல் முதன்மை. தாமலச்செருவில் மாம்பழ மண்டிகள் நிறைந்திருக்கும். பீலேரு, கலிகிரி, வாயல்பாடு என்று நிலையங்கள் கடந்து செல்லுகையில் வழிநெடுகப் பெரும்பாறைகளை அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் தோன்றும். மதனப்பள்ளி ரோடு என்னும் நிலையத்தில் இறங்கவேண்டும். ஊர் அங்கிருந்து சில கல் தொலைவு; பேருந்தும் ஆட்டோவும் உண்டு. சாலை வழியே செல்வோர்க்குத் திருப்பதியிலிருந்து மலையுச்சி ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

மதனப்பள்ளியில் அரைநாள் தங்குதல் நலம். தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர் இது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்தது இவ்வூரில்தான். 1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவிஞர் தாகூர் இங்குள்ள பெசன்ட் பிரம்மஞானக் கல்லூரியில் வந்து தங்கினார். நம் நாட்டுப்பண்ணை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அப்போதே. கல்லூரி முதல்வரின் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதற்கு இசைக் குறிப்பு எழுதினார். பள்ளியில் நாள்தோறும் அப்பாடலைப் பாடும் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் அவ்வூரைக் காணும் பார்வையே மாறும்.

மதனப்பள்ளியிலிருந்து மலைமேல் அரசுப் பேருந்து செல்கிறது. வளைவுகள் உண்டு, எனினும் உதகைச் சாலையைப்போல் தலைசுற்றச் செய்வதில்லை. பிள்ளைகளை முன் இருக்கையில் அமர்த்தி, நேரே பார்க்கச் சொல்லி, வயிற்றை நிரப்பாமல் அழைத்துச் சென்றால் வாந்தி வராது. எம் மைந்தனுக்கு வரவில்லை.

மேலே பார்க்க வேண்டுவன பல இல்லை. அதுவே இம்மலையின் நன்மை. ஓடியாடிக் காண வேண்டிய பட்டியல் இல்லாமையால் பிள்ளைகள் விளையாடுகின்றனர், பெரியோர் இளைப்பாறுகின்றனர். ‘கல்யாணி’ என்று பெயரிடப்பெற்ற மிகப் பெரிய யூகலிப்டசு மரம் ஒன்று நிற்கிறது. சிறுவர் பூங்காவும், கங்கோத்ரி என்னும் ஏரியும் உள. ‘காலி பண்டா’ எனப்படும் காற்றுப் பாறையில் மாலையில் நின்றால் மேலாடை பறக்கும். அப்பாறை சரிவானது. அதன்மேல் பிள்ளைகளின் கையை விடலாகாது. இம்மலையில் அஞ்சத்தக்க இடம் அஃதொன்றே. அரசு சுற்றுலாத் துறையின் விடுதியும் தனியார் விடுதிகளும் உண்டு. நாங்கள் தங்கிய விடுதியில் வெந்நீர் வருமென்று சொன்னார்கள், வரவில்லை. ஆகவே மே மாதத்திலும் ஒரு கம்பளியும், நீர் காய்ச்ச ஒரு மின்கெண்டியும் உடன் கொண்டு செல்க. பெரிய மருத்துவமனைக்கு மதனப்பள்ளிக்கே இறங்க வேண்டும். வழக்கமான மருந்துகளை மறவாது எடுத்துச் செல்க.

இனி மல்லம்மாவின் கதை. மலைமேல் அவளுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. படிகள் ஏறத் தேவையில்லை. எம் அன்னையார் மூட்டு வலிக்காரர். காற்றுப் பாறைக்கு வரவில்லை என்று சொல்லிக் கோயில் வாயிலில் அமர்ந்துவிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து எம்முடன் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்குத் தெலுங்கு வரவில்லை. ஒன்பது வயதுப் பேத்தி பேச்சுக்கு நடுவே தெலுங்குச் சொல் கலக்கும்போதெல்லாம், ‘இந்தப் பிள்ளை வேற்று ஊர்ப் பிள்ளையாகவே போயிற்று’ என்று வருந்துவார்கள். அவ்வருத்தம் எங்களுக்கும் உண்டு. தமிழ் எழுத்துக் கற்பிக்கச் சங்கம் நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு அவளை அனுப்பி வருவதும் அதனாலேயே.

கோயில் வாயிலில் பூ விற்ற மூதாட்டி எம் அன்னையாரைப் ‘பெத்தம்மா’ என்று அழைத்து ஏதோ கேட்டாள். அன்னையார் விழித்தார்கள். அருகில் நின்ற பேத்தி இருவர்க்கும் நடுவே அமர்ந்து, அவள் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் கேட்பதை அவளுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கினாள். முன்னாளில் இம்மலையில் மல்லம்மா என்னும் சிறுமி யாருமின்றித் தனித்து வாழ்ந்தாளாம், யானைகள் அவளுக்கு உணவு கொணர்ந்து வளர்த்தனவாம், மலைவாசிகளுக்கு நோய் கண்டால் அவளே தீர்த்தாளாம், ஒருநாள் காணாமற்போனாளாம், அவளைத் தெய்வம் என்று உணர்ந்து கோயில் கட்டினராம். இக்கதை முடிய அரைமணி நேரம் ஆயிற்று. பேத்திக்குத் தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் பாட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அன்று அவள் கற்ற தமிழ்ச் சொற்கள் மூன்று ஞாயிறு வகுப்புகளுக்குச் சமம்.

நாங்கள் பாறையிலிருந்து திரும்பியபோது, மடியில் பூவுடன் அன்னையார் சொன்னார்கள்: “ஏய்யா, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைய யானை வளத்துருக்கு பாத்தியா! இங்கேயும் நமக்கு ஒரு அம்மன் இருக்கா. வருசம் ஒரு மட்டம் வந்து பாத்துட்டுப் போவணும்.”

ஆறு ஆண்டுகளில் இந்நாட்டில் ஓரிடத்துக்கு ‘மீண்டும் வரவேண்டும்’ என்று அவர்கள் சொல்லி நாங்கள் கேட்டது அதுவே முதன்முறை. ஆகவே ஹார்ஸ்லி மலைக்கு நாம் தீட்டும் நிறம் நீலம்.

ஏலகிரி

சித்தூரில் வாழ்வோர்க்குக் காட்பாடி அருகில் உள்ளது. அங்கிருந்து ஜோலார்பேட்டைக்குப் பல வண்டிகள் செல்கின்றன. திருப்பதியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் வண்டியும் ஜோலார்பேட்டை வழியே செல்வதுதான். அங்கிருந்து மலையூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். தமிழ் படிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வளைவிலும் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொன்னால் வாந்தி நினைவே வராது. வாசிப்புப் பாடமும் ஆகும்.

மேலே பதினான்கு சிற்றூர்கள், புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா. உயரம் மூவாயிரத்து ஐந்நூறு அடி அளவு. குளிர் மிகுதியன்று, செலவும் மிகுதியன்று. சுவாமிமலை உச்சிக்கு நடந்து ஏறுவது இளைஞர்க்கு உரியது. முதியோர் ஏரிக்கரையில் அமரலாம். தமிழ்ப் பேச்சைக் காதாரக் கேட்டு இரண்டு நாள் இருக்க விரும்புவோர்க்கு இதுவே தக்கது. நிறம் நீலம், வளைவுகளைப் பொறாத வயிறு உடையார்க்கு மட்டும் சிவப்பு.

கருப்பு நிறத்தன

நாகலாபுரம் மலை ஓடைகளும், தடா அருகில் உள்ள உப்பலமடுகு அருவியும் இளைஞரிடையே பெயர்பெற்றவை. காட்டு வழியில் நெடுந்தொலைவு நடந்து, ஆழமறியாத மடுக்களைக் கடந்து செல்லவேண்டியவை. நீந்தச் சென்ற இளைஞர் உயிரிழந்த செய்திகள் நாளேடுகளில் பலமுறை வந்துள்ளன. படம் பிடித்து அனுப்பிய நண்பரின் சொல் கேட்டுக் குடும்பத்தோடு அங்குச் செல்லற்க. அறிந்த வழிகாட்டியும், வனத்துறை அனுமதியும், நீச்சலும் உடையார்க்கே அவை உரியன. வளர்ந்த மைந்தர் நண்பர்களோடு புறப்பட்டால், எங்கே செல்கின்றனர் என்பதைப் பெற்றோர் கேட்டறிதல் கடமை. ‘தடை செய்தால் வருந்துவானே’ என்று நினைத்தல் வேண்டா.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். ஒரு நாளே விடுப்பு உண்டாயின் கைலாசகோனை. இரண்டு நாளாயின், சித்தூரார்க்கு ஏலகிரி. மூன்று நாளாயின், மதனப்பள்ளியும் ஹார்ஸ்லி மலையும். பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் மட்டும் உடன் வரின் தலகோனை. முதியோர்க்கு எக்காலத்தும், கூட்டம் குறைந்த நாள் பார்த்து, திருமலை.

எங்குச் செல்லினும் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் சட்டைப்பையில் தந்தையின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். நீரில் இறங்குமுன் பெரியவர் ஒருவர் இறங்கி ஆழம் பார்க்கட்டும். மாலை ஐந்து மணிக்குமேல் காட்டுவழியில் இருத்தல் வேண்டா. குரங்குக்கு உணவு இடுதல் வேண்டா. பிளாஸ்டிக் குப்பையை மலையில் எறியாது கீழே கொணர்க. தமிழ்க் குடும்பம் தங்கிச் சென்ற இடம் தூய்மையாக இருந்தது என்று பிறர் சொல்லுதல் நமக்குச் சிறப்பு.

இறுதியாக ஒரு சொல். 1953-இல் ஆந்திர நாடு தனியே பிரிந்ததும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்ததும் நாம் பிறக்கு முன்னர் நிகழ்ந்தவை. எல்லைக்கு இப்பால் வாழும் நாம், ‘பிழைக்க வந்த ஊர்’ என்றே இவ்விடத்தைப் பிள்ளைகளிடம் பேசி வருகிறோம். ஆனால் அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். இம்மலைகளின் பெயர்களையும் கதைகளையும் அவர்கள் அறியாது வளர்ந்தால், அங்கும் விருந்தினர், இங்கும் விருந்தினர் ஆவர். தாய்மொழியைக் காக்கும் கடமை நமக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு கடமை அவர்கள் மிதித்து நடக்கும் மண்ணை அவர்களுக்குக் காட்டுவதிலும் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

வரும் கோடையில் சங்க அன்பர்கள் தம் வீட்டில் மிக மெலியவர் யாரென்று எண்ணிப் பார்த்து, அவருக்கேற்ற மலையைத் தேர்ந்து, குடும்பத்தோடு சென்று வருக. சென்று வந்தோர் வழியையும், வண்டியையும், தங்குமிடத்தின் நிறை குறைகளையும் இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால், பின்செல்வோர்க்குப் பெரும் உதவியாகும்.